நான் ஸ்நோ இல்லை, தஸ்நேவிஸ்

ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் மூன்று தஸ்நேவிஸ்கள் படித்தார்கள். ஜூன் மாதம் ஜீவமணி டீச்சர் வந்து சேரும்வரை அதனால் யாருக்கும் ஒரு தலைவலியும் வந்ததில்லை.

உயரமாக இருப்பவள் நெட்டை தஸ்நேவிஸ். கண்ணாடி போட்டவள் கண்ணாடி தஸ்நேவிஸ். மூன்றாவது நம்ம ஆள், வாயாடி தஸ்நேவிஸ். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் அவளை எப்போதோ நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று தெருவில் சொல்வார்கள்.

மூன்று பேரும் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரே தெரு. மூன்று பேருடைய அப்பாவுக்கும் அந்தோணி என்றுதான் பெயர். மூவரும் கடலுக்குப் போகிறவர்கள். என்ன செய்ய? அந்தத் தெருவில் நின்று “அந்தோணி!” என்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எட்டாவது ஆள் வீட்டுக்குள் இருந்து “யாருலே அது?” என்பார்.

ஜீவமணி டீச்சர் அதே மாவட்டத்தில் உள்ள நாசரேத்துக்காரர். இதுதான் அவருக்கு முதல் வேலை. அவர் படித்த பள்ளியில் ரேச்சல் இருந்தாள், ஜெப்ஸி இருந்தாள். தஸ்நேவிஸ் என்று ஒரு பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அ. தஸ்நேவிஸ், அ. தஸ்நேவிஸ், அ. தஸ்நேவிஸ் என்று வரிசையாக மூன்று முறை எழுதியிருந்தது.

‘ஆபீஸில் யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்’ என்று நினைத்தார் டீச்சர். ஸ்கேலை வைத்தார். சிவப்புப் பேனாவால் இரண்டு தஸ்நேவிஸை அழகாக அடித்தார். பிறகு பெயர் வாசிக்க ஆரம்பித்தார்.

“அ. தஸ்நேவிஸ்.”

“உள்ளேன் டீச்சர்!” என்று மூன்று பேர் எழுந்தார்கள்.

“யாரு விளையாடுறது?” என்றார் டீச்சர்.

“விளையாடல டீச்சர். மூணு பேருமே தஸ்நேவிஸ்தான்” என்றாள் நம்ம தஸ்நேவிஸ்.

“அதெப்படி மூணு பேருக்கும் ஒரே பேரு, ஒரே இனிஷியல்? அந்தப் பேருக்கு அர்த்தம்தான் என்ன?”

கேட்டதுதான் தாமதம், வகுப்பே பதில் சொல்ல எழுந்துவிட்டது. ஆளுக்கு ஒரு துண்டாகச் சொன்னார்கள்.

“பனிமய மாதா பேரு டீச்சர்!”

“ரோமாபுரியில ஒரு மலை மேல ஆகஸ்ட் மாசத்துல பனி கொட்டுச்சாம் டீச்சர்!”

“ஆகஸ்ட்லயா? அங்க அப்போ நல்ல வெயில் காலமாச்சே?” என்றார் டீச்சர்.

“அதனாலதான டீச்சர் அது அதிசயம்!”

நம்ம தஸ்நேவிஸ் எல்லோரையும் கையமர்த்தினாள். “போர்த்துக்கீசியர் கப்பல்ல வந்தப்போ இந்தப் பேரும் வந்துச்சு டீச்சர். தாஸ் நெவேஸ்னா ‘பனியோட’ன்னு அவங்க பாஷையில அர்த்தம். நம்ம ஊர்ல அது தஸ்நேவிஸ் ஆயிருச்சு. சில வீட்டுல பனிமயம்னு வைப்பாங்க. பனிமேரியும் உண்டு. ஆம்பளைங்களுக்குக்கூட தஸ்நேவிஸ் உண்டு.”

“இந்த ஊர்ல பனியா?” டீச்சர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். தூத்துக்குடியில் வெள்ளையாக, குளிராக ஏதாவது இருக்கிறதென்றால் அது மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடும் ஐஸ்கட்டிதான்.

சிரித்ததோடு விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். டீச்சர் விடவில்லை.

“சரி, குழப்பம் வேண்டாம். கண்ணாடி போட்ட பொண்ணு, நீ தஸ்நேவிஸாவே இரு. உயரமா இருக்கிற பொண்ணு, இனிமே நீ நேவி. அப்புறம் நீ…” என்று நம்ம ஆளைப் பார்த்தார். “பனிதானே அர்த்தம்? நீ ஸ்நோ. நல்லா இருக்குல்ல?”

“ஸ்நோவா? அது பவுடருக்கு முந்தி மூஞ்சியில பூசுறதுல்லா டீச்சர்?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் மேசையைத் தட்டினார். “பாதித் தெருவுக்கு இந்தப் பேர் இருக்கே. உனக்கு ஒண்ணு மாறினா என்ன குறைஞ்சிடும்?”

“முழுத் தெருவுக்கும் மூக்கு இருக்கு டீச்சர். அதுக்காக என் மூக்கை நான் கழட்டிக் குடுத்துருவேனா?”

“உட்காரு!” என்றார் டீச்சர்.

உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் ஸ்நோ என்று கூப்பிடட்டும். தொண்டை வற்றும்வரை கூப்பிடட்டும். அவள் திரும்பமாட்டாள்.

சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை டீச்சர் வாசித்தார். “ஸ்நோ.”

பதில் இல்லை.

“ஸ்நோ!”

நம்ம தஸ்நேவிஸ் இரண்டாவது பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த முத்துமாரி அவள் தொடையைக் கிள்ளினாள். “ஏளா, உன்னையத்தான் கூப்புடுதாங்க. நான் வேணும்னா உனக்குப் பதிலா உள்ளேன் சொல்லட்டா?”

“சொன்னேன்னா உன் பேச்சு காய்” என்றாள் இவள்.

“ஸ்நோ ஆப்சென்ட்” என்று டீச்சர் பதிவேட்டில் எழுதினார். கண்ணெதிரே முழுசாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட்! இப்படி ஒரு கூத்தை அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

இரண்டாம் நாளும் ஆப்சென்ட். மூன்றாம் நாளும் ஆப்சென்ட் போட்டு, பதிவேட்டை மூடிவிட்டு டீச்சர் கேட்டார். “எத்தனை நாளைக்கு இப்படி?”

“டீச்சர், ஒரு சந்தேகம் கேக்கட்டா?” என்று எழுந்தாள் அவள். “நாளைக்கே இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு ஜீவமணி டீச்சர் வந்தா, அப்போ உங்களை என்னன்னு கூப்பிடுறது?”

டீச்சர் யோசிப்பதற்குள் பின் பெஞ்சு பவுல் உதவிக்கு வந்தான். “மணின்னு கூப்பிடலாம் டீச்சர்!”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஊரில் பாதி நாய்க்கு மணி என்றுதான் பெயர். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அன்றைக்குப் பவுலும் தஸ்நேவிஸும் மதியம்வரை வராந்தாவில் நின்றார்கள்.

“நல்லது நினைச்சுத்தாம்ளா சொன்னேன்” என்றான் பவுல்.

“வாயை மூடிட்டு நில்லு” என்றாள் அவள்.

நான்காம் நாள் வியாழக்கிழமை. அன்றைக்கும் ஆப்சென்ட். ஆனால் அன்றைக்கு ஒரு செய்தி வந்தது. அடுத்த வாரம் ஆறாம் வகுப்பைத் துறைமுகத்துக்குள் கூட்டிப்போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் சரக்குக் கப்பலில் ஏறி மேல்தளம்வரை பார்க்கலாம்!

வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. நம்ம தஸ்நேவிஸ் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள். அப்பாவின் வள்ளத்தில் போகும்போது இரண்டு முறை கப்பலைப் பக்கத்தில் பார்த்திருக்கிறாள். கீழே இருந்து அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவ்வளவு உயரத்திலிருந்து கடலைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ நாள் அவள் நினைத்திருக்கிறாள்.

மணி அடித்ததும் டீச்சர் மூன்று தஸ்நேவிஸ்களையும் மேசைக்குக் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை. கவலைதான் இருந்தது.

“இங்க பாருங்க. பழைய பட்டியலைத்தான் ஆபீஸ்ல முதல்ல அனுப்பினாங்க. ஒரே இனிஷியல், ஒரே பேரு மூணு வாட்டி இருக்கு, யாரு யாருன்னு தெரியல, திருத்தி அனுப்புங்கன்னு துறைமுகத்துல திருப்பிட்டாங்க. நாளைக்குக் காலையில அனுப்பியாகணும். தஸ்நேவிஸ், நேவி, ஸ்நோன்னு எழுதிடட்டுமா?”

கண்ணாடி தஸ்நேவிஸ் தரையைப் பார்த்தாள். நெட்டை தஸ்நேவிஸ் மெதுவாக, “சரி டீச்சர்” என்றாள். ஆனால் அவள் நோட்டு அட்டையில் ‘நேவி’ என்று எழுதி, அதைப் பேனாவால் கிறுக்கி அழித்திருந்ததை நம்ம ஆள் பார்த்துவிட்டாள்.

“நீ என்னம்மா சொல்றே?” என்று டீச்சர் கேட்டார்.

“ஸ்நோன்னு எழுதாதீங்க டீச்சர்.”

“அப்போ கப்பல்?”

தஸ்நேவிஸ் பையைத் தோளில் மாட்டினாள். “கப்பலும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். தெருமுனை திரும்பியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாராவது பார்த்தால் கண்ணில் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நன்றாகவே அழுதாள்.

வீட்டில் அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி நின்றார். தஸ்நேவிஸ் பையை எறிந்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கடைசியில் கேட்டாள்.

“ஏம்மா, ஊர்ல வேற பேரே கிடைக்கலயா? மூணு வீட்டுலயும் ஒரே பேரையா வைப்பீங்க?”

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எல்லாம் உங்கப்பன் ஏறின வள்ளத்தாலதான்” என்றாள் அம்மா. “நீ வயித்துல இருக்கும்போது மூணு அந்தோணியும் ஒரே வள்ளத்துல போனாங்க. நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோச்சு. ரெண்டு நாளா ஆளைக் காணல. நானும், நெட்டை அம்மாவும், கண்ணாடி அம்மாவும் வயித்தைத் தூக்கிக்கிட்டு கடற்கரையிலயே கிடந்தோம். தாயே, ஆளைக் கொண்டாந்து சேரு, பிள்ளைக்கு உன் பேரை வைக்கேன்னு வேண்டிக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“பனிமய மாதா கோயில்ல திருவிழாக் கொடி ஏறுன அன்னைக்கு வேற வள்ளத்துக்காரங்க கட்டி இழுத்துட்டு வந்துட்டாங்க. அந்தப் பத்து நாளுக்குள்ள நீங்க மூணு பேரும் பிறந்தீங்க. ஞானஸ்நானத்துக்குப் போனா, ஆளுக்கு ஆள் தஸ்நேவிஸ்ங்கோம்! மூணு பேருமே ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம அதே வேண்டுதலை வேண்டியிருக்கோம். யாராவது ஒருத்தர் மாத்துங்கம்மான்னு சாமியார் கேட்டாரு.”

“மாத்தலியா?”

“எதுக்கு மாத்தணும்? ஒருத்தியும் அசையல. கடைசியில சாமியார்தான் சிரிச்சுட்டு மூணு பிள்ளைக்கும் அதே பேரைச் சொல்லித் தலையில தண்ணி ஊத்தினாரு.”

தஸ்நேவிஸ் அம்மாவையே பார்த்தாள். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்நோ என்று எழுத விடாமல் வந்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கப்பல்?

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்ததோ அங்கேயும் தெருவுக்குப் பத்து நெவேஸ் இருப்பார்கள்தானே? அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? தேடினாள். ஸ்பெயினில் நியேவெஸ் என்று இருந்தது. இத்தாலியில் நீவெஸ். போர்த்துக்கலில் ஒரு அம்மாளின் பெயர் ரயில்வண்டி மாதிரி நீண்டது.

“மரியா தாஸ் நெவேஸ் கோஸ்தா பெரைரா” என்று சத்தமாக வாசித்தாள்.

“கோஸ்தாவா? பெரைராவா?” என்று அப்பா நிமிர்ந்தார். “ஏளா, நம்ம ஊர் ஆட்கள் பேரு மாதிரில்லா இருக்கு!”

“எதுக்குப்பா இத்தனை வால்?” என்று கேட்டுக்கொண்டே மேலும் படித்தாள். படித்தவள் அப்படியே துள்ளி எழுந்தாள். அந்த நாட்டில் பிள்ளையின் பெயரோடு அம்மா வீட்டுப் பெயரும் வருமாம், அப்பா வீட்டுப் பெயரும் வருமாம். அம்மாவுடையது முன்னால், அப்பாவுடையது கடைசியில்.

“அம்மா! எங்க மூணு அப்பாவும் அந்தோணிதான். ஆனா அம்மா?”

“அம்மாவுக்கு என்ன?”

“அம்மாங்க பேரு வேற வேறல்லா!”

தஸ்நேவிஸ் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நெட்டை வீட்டு வாசலில் நெட்டையே நின்றாள்.

“உங்கம்மா பேரு என்னளா?”

“அம்மாவுக்குப் பேரா?” நெட்டை விழித்தாள். “எல்லாரும் நெட்டை அம்மான்னுதான் கூப்பிடுவாங்க. இரு, கேட்டு வாரேன்.” உள்ளே போய்விட்டு வந்தாள். “மேரியாம்.”

அடுத்தது கண்ணாடி வீடு. கண்ணாடி தஸ்நேவிஸ் யோசிக்காமல் சொன்னாள். “மேரி.”

நம்ம தஸ்நேவிஸ் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று அந்தோணி போதாதென்று இப்போது மேரி வேறா! அப்போது கண்ணாடியின் அம்மாவே வெளியே வந்தாள்.

“எந்த மேரின்னு சொல்லாண்டாமா? நான் சந்தனமேரி. நெட்டை அம்மா லூர்துமேரி. எதுக்குட்டி எங்க பேரெல்லாம் கேக்க? ரேஷன் கடையில கூட எங்க பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல.”

“நாளைக்குச் சொல்லுதேன் சித்தி!” என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, முதல் மணிக்கு முன்னாலேயே மூன்று தஸ்நேவிஸ்களும் டீச்சர் மேசை முன்னால் நின்றார்கள். நம்ம ஆள் ஒரு தாளை நீட்டினாள். அதில் இப்படி எழுதியிருந்தது:

லூர்துமேரி அந்தோணி தஸ்நேவிஸ்
சந்தனமேரி அந்தோணி தஸ்நேவிஸ்
ரோஸ் அந்தோணி தஸ்நேவிஸ்

டீச்சர் தாளைப் பார்த்தார். “அம்மா பேரை முன்னாலயா? இந்தப் பதிவேட்டுல யாரும் அப்படிப் போட்டதில்லையே.”

“அப்போ நாங்கதான் முதல் ஆளு டீச்சர்” என்றாள் நம்ம தஸ்நேவிஸ். “இந்தப் பேரு பிறந்த ஊர்ல அம்மா பேரும் சேர்ந்துதான் வருமாம். நேத்துப் படிச்சேன்.”

“ஆனா இந்த மூணு அம்மாவும்…” என்று டீச்சர் ஏதோ சொல்ல வந்தார்.

“இந்த மூணு அம்மாவும் வேண்டிக்கிட்டு வச்ச பேரு டீச்சர். எங்க மூணு அப்பாவும் கடல்ல காணாமப் போனப்போ.”

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். வாயாடிதான், ஆனால் இன்ஜின் நின்றதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. விட்ட இடத்தில் நெட்டை எடுத்துச் சொன்னாள். சாமியார் மூவருக்கும் அதே பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றியதைக் கண்ணாடி சொன்னாள்.

ஜீவமணி டீச்சர் தாளை மேசையில் வைத்தார். பதிவேட்டைத் திறந்தார். சிவப்புக் கோடு போட்டு அடித்த இரண்டு பெயர்களையும் பார்த்தார்.

“நான் இதை அடிச்சிருக்கக் கூடாது” என்றார். “ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

நீலப் பேனாவை எடுத்து மூன்று பெயர்களையும் முழுசாக, நிதானமாக எழுதினார். நம்ம தஸ்நேவிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், நாலு நாளும் நான் இங்கனதான் உக்காந்திருந்தேன்” என்றாள்.

“தெரியுமே. அந்தக் கரும்பலகையை நீ முறைச்ச முறையில அது வெளுத்துப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் நான்கு ஆப்சென்டையும் திருத்திக் கையெழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். “ஸ்நோ அவ்வளவு மோசமான பேரா என்ன?”

“நல்ல பேருதான் டீச்சர். அது வேற யாருக்காவது இருக்கட்டும்.”

பட்டியல் அன்றைக்கே போனது. இந்த முறை திரும்பி வரவில்லை.

அடுத்த புதன்கிழமை துறைமுக வாசலில் ஆறாம் வகுப்பு வரிசையில் நின்றது. சீருடை போட்ட காவலர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்து உள்ளே விட்டார். மூன்று தஸ்நேவிஸ்களின் முறை வந்ததும் புருவத்தைத் தூக்கினார். மூன்று பெயரையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

நம்ம தஸ்நேவிஸ் சொன்ன “உள்ளேன் ஐயா” உள்ளே தூரத்தில் நின்ற கப்பலுக்கே கேட்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் வாய் ஓயவில்லை. அடுப்பில் சாளை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கப்பல் எத்தனை மாடி, ஏணி எப்படி ஆடியது, மேலேயிருந்து பார்த்தால் வள்ளமெல்லாம் வெண்டைக்காய் அளவுக்குத் தெரிந்தது என்று தஸ்நேவிஸ் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“வாசல்ல பேரு வாசிச்சாங்களா?”

“வாசிச்சாங்கம்மா.”

“என் பேரையுமா?”

“உன் பேருதாம்மா முதல்ல!”

“எப்படி வாசிச்சாங்க?”

தஸ்நேவிஸ் எழுந்து நின்றாள். அந்தக் காவலர் மாதிரியே நெஞ்சை நிமிர்த்தினாள். கையில் இல்லாத தாளைப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தாள்.

“ரோஸ் அந்தோணி தஸ்நேவிஸ்!”

அம்மாவின் கை நின்றது. “அவ்வளவு சத்தமாவா?”

“இதைவிடச் சத்தமா. லாரிக்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.”

அடுப்பிலிருந்து குழம்பு அடிபிடிக்கிற வாசம் வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னொருக்கா வாசி” என்றாள்.